காற்றை விட மறுக்கும் கிளட்ச்: எம்எக்ஸ்-5 காருக்காக வாங்கிய கருவிகள் பற்றிய மதிப்புரை

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. முகப்பு விளக்குகள் மேலெழுந்து மடியும் அந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் வைத்திருப்பவர்களில் பலர் சந்திக்கும் பழுது ஒன்று உண்டு: கிளட்ச் பெடல் தரைவரை இறங்கிவிடும், ஆனால் கியர் விழாது, அல்லது உரசும் ஒலியோடு விழும். என் காரில், பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், அந்த ஆயிலின் அழுத்தத்தால் நகர்ந்து கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரையும் புதிதாக மாற்றிய பிறகும் அந்தக் குறை முழுமையாகத் தீரவில்லை. இந்த ஆயில் அமைப்பில் தங்கிவிடும் காற்றை எடுக்கவென்று விற்கப்படும் கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பயன்படுத்தினேன். அவற்றில் எது உண்மையில் பயன்பட்டது, எது பயன்படவில்லை, ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது படிப்பவர்களுக்கு நல்லது. இந்த வரிசையில் மிகவும் மலிவானதும் மிகவும் பயனுள்ளதும், ஆயில் வழியை மூடிச் சோதிக்க உதவும் ஒரு சிறிய பித்தளை அடைப்பான். அடுத்தது கீழிருந்து மேலாக ஆயிலைச் செலுத்தும் கைப் பம்ப். கடைக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டும் வேக்கம் பம்ப் கடைசி இடத்தில் நிற்கிறது.

கருவிகளை எடைபோடும் முன் இந்த அமைப்பில் காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைக் கணக்கோடு பார்த்துவிட வேண்டும். இந்தக் காரின் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மில்லிமீட்டர், ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 19.05 மில்லிமீட்டர். மாஸ்டரின் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், அது தள்ளும் ஆயில் ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. அந்த 5 மில்லிலிட்டர் ஸ்லேவின் பிஸ்டனை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் தள்ளுகிறது, அந்த நகர்வு ஃபோர்க் எனும் நெம்புகோல் வழியாகச் சென்று, எஞ்சினோடு சுழலும் பிரஷர் பிளேட்டை, கியர்பாக்ஸின் தண்டிலுள்ள கிளட்ச் டிஸ்க்கிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே விலக்குகிறது. இப்போது குழாயில் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று தங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். பெடலை மிதித்ததும் அந்தக் காற்று ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். பெடலின் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஸ்லேவ் பிஸ்டன் மூன்று மில்லிமீட்டருக்கும் அதிகமான நகர்வை இழந்துவிடும். டிஸ்க் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டே சுழல அதுவே போதும். பிரேக்கில் பெடல் சற்று இறங்கினாலும் இன்னும் கொஞ்சம் அழுத்தி ஈடுசெய்துவிடலாம். கிளட்ச்சில் பெடலின் நகர்வு முடிந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு பலமாக மிதித்தும் பயனில்லை. அதனால்தான் பிரேக்கில் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவு காற்று கிளட்ச்சை முடக்கிவிடுகிறது.

காற்று எங்கே ஒளிந்துகொள்கிறது என்பது அடுத்த கேள்வி. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள எம்எக்ஸ்-5 காரில் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் அறையின் பின்சுவரில் இடப்புறம் இருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டரோ கியர்பாக்ஸின் வலப்புறத்தில் வெளிப்பக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புக் குழாய் பின்சுவரை ஒட்டிக் குறுக்காகச் சென்று, வழியில் வளைந்து, பிறகு கீழே இறங்கி, ரப்பர் ஹோஸில் முடிகிறது. இத்தகைய குழாய்களின் வெளிவிட்டம் பொதுவாக 4.75 மில்லிமீட்டர், உட்புறம் மூன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்தக் குறுகலில் ஒரு காற்றுக் குமிழி குழாயை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்குமே தவிர, தானாக மேலே மிதந்து போகாது. பெடலின் ஒரு முழு மிதிப்பு அதை அரை மீட்டருக்குச் சற்றே அதிகமாகத் தள்ளும். காற்றை வெளியேற்றுவதற்காக ஸ்லேவில் உள்ள திருகான நிப்பிளை மூடுவதற்குள் பெடல் மேலெழுந்தால் அதே அளவு பின்வாங்கும். இத்தனையும் தாண்டி ஸ்லேவுக்குள் வந்து சேரும் குமிழி, அங்கே விரிந்த இடம் கிடைத்ததும் சிலிண்டரின் மேல்மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. நிப்பிள் அந்த மூலையைவிடச் சற்றே தாழ்வாக இருந்தாலும் எத்தனை லிட்டர் ஆயிலைச் செலவழித்தாலும் அந்தக் கடைசிக் குமிழி வெளியேறாது.

இந்தப் பின்னணியில் ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் இடையே ஒத்திசைவு இருந்தால் அது பெரும்பாலான காற்றை எடுத்துவிடும். எஞ்சியிருக்கும் கடைசி மில்லிலிட்டரில்தான் தோற்கும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தால் போதும்.

வேக்கம் பம்ப் இந்த உதவியாளரின் தேவையை நீக்கும் என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. நிப்பிளில் ஒரு குழாயைச் செருகி, கைப்பிடியை அழுத்தி வெற்றிடம் உண்டாக்கினால், மேலே மாஸ்டருக்கு ஆயில் தரும் கலத்திலுள்ள ஆயில் கீழே இழுக்கப்பட்டு ஒரு சிறு புட்டியில் சேரும். என்னிடமிருந்த பம்ப் நன்றாகச் செய்யப்பட்டது. அளவுமானி நம்பகமாக இருந்தது. வெற்றிடம் நெடுநேரம் நிலைத்து நின்றது. குறை கருவியில் இல்லை, அதைப் பயன்படுத்தும் இடத்தில் இருக்கிறது. நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் அதன் மரைகளின் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து குழாயில் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கண்ணாடிக் குழாயில் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அவை சிலிண்டருக்குள்ளிருந்து வருகின்றனவா, மரையின் வழியே வருகின்றனவா என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. மரையைச் சுற்றிக் கிரீஸ் பூசினால் கசிவு குறையும், முற்றிலும் நிற்காது. இதைவிடப் பெரிய சிக்கல் சிலிண்டர்களின் உள்ளே இருக்கும் கிண்ண வடிவ சீல்களில் உள்ளது. அவற்றின் விளிம்பு உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. உள்ளே வெற்றிடம் உண்டானால் அதே விளிம்பு சுவரை விட்டு விலகக்கூடும். பிஸ்டனின் பின்புறமிருந்து காற்று உள்ளே நுழையக்கூடும். காற்றை எடுக்க வாங்கிய கருவியே காற்றை உள்ளே விடும் வாய்ப்பு இருக்கிறது என்பது எனக்குப் போதுமான எதிர்ப்பாகத் தோன்றுகிறது.

ஆனாலும் பம்ப்பைத் தூக்கியெறியச் சொல்லமாட்டேன். அதே பம்ப்பைக் கீழே நிப்பிளில் பொருத்தாமல், ஒரு ரப்பர் கூம்பின் மூலம் மேலே ஆயில் கலத்தின் வாயில் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. நிப்பிள் மூடியே இருக்கும். மிதமான வெற்றிடம் கொடுத்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், உள்ளே இருக்கும் குமிழிகள் விரிந்து பருமனாகி, மேல்நோக்கி நகர்ந்து, கலத்தில் வந்து உடைவதைக் கண்ணால் காணலாம். மாஸ்டர் சிலிண்டரிலும் அதை ஒட்டிய குழாயிலும் தங்கிய காற்றுக்கு இது நல்ல வழி. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் உள்ளேயே இருந்து, நிப்பிளைக் கை எட்டாத கார்களில் இதுவே முதல் வழியாகவும் இருக்கலாம்.

அழுத்தக் கலம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மோட்டிவ் போன்ற நிறுவனங்கள் விற்கும் இந்தக் கலம் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் டப்பாவைப் போன்றது: ஆயிலை ஊற்றி, கைப்பிடியால் காற்றழுத்தம் ஏற்றி, காரின் ஆயில் கலத்து மூடிக்குப் பதிலாகப் பொருந்தும் ஒரு மூடியின் வழியே உள்ளே செலுத்த வேண்டும். நிப்பிளைத் திறந்தால் இடைவிடாமல் ஆயில் ஓடும். தனியாக வேலை செய்பவருக்கு இது பெரும் வசதி. குழாயின் வளைவில் நிற்கும் குமிழியைத் தங்கவிடாமல் ஒரே ஓட்டத்தில் கீழே தள்ளிவிடும் வேகமும் இதற்கு உண்டு. பழைய ஆயிலை முழுதாக மாற்றுவதற்கு இதைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது. 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் பழைய பிளாஸ்டிக் கலம் வெடிக்கவோ மூடியோரம் பீச்சியடிக்கவோ கூடும், கிளட்ச்சிலும் ஊற்றப்படும் பிரேக் ஆயில் விழுந்த இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடும். இந்தக் காரின் கிளட்ச் ஆயில் கலம் பிரேக்கின் கலத்திலிருந்து தனித்தது, அளவில் மிகச் சிறியது. பிரேக்குக்கு வாங்கிய மூடி இதற்குப் பொருந்தாது என்பதை வாங்குபவர்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். எல்லா வாய்க்கும் பொருந்தும் என்று சொல்லிச் சங்கிலியால் இறுக்கிக் கட்டும் தட்டையான மூடிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். சிறிய வட்டக் கலத்தின் மேல் அவை ஒருபக்கமாகச் சாய்ந்து கசிகின்றன.

அழுத்தக் கலத்தால் தீராதது ஸ்லேவின் மேல்மூலையில் ஒட்டிய குமிழிதான். அதற்கு மூன்றாவது கருவி வேண்டியிருந்தது.

கீழிருந்து மேலாக ஆயிலைச் செலுத்துவதற்கென்றே செய்யப்பட்ட பம்ப்புகள் உண்டு. ஃபீனிக்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கருவிகள் இந்த வகைக்குப் பெயர்பெற்றவை. துப்பாக்கிபோல் விசையை அழுத்தும்போதெல்லாம் சிறிதளவு ஆயில் நிப்பிளின் வழியே ஸ்லேவுக்குள் சென்று, குழாய் வழியே மேலேறி, மாஸ்டரைக் கடந்து, கலத்தை அடைகிறது. காற்று இயல்பாகவே மேலே போக விரும்பும் பொருள். அதை வளைந்த குழாய் முழுவதும் கீழே தள்ளிக்கொண்டுவரும் வேலையை விட்டுவிட்டு, அது போக விரும்பும் திசையிலேயே ஆயிலையும் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை. முதல்முறை செலுத்தியபோது கலத்தில் எழுந்த குமிழிகள், அதற்கு முன் அழுத்தக் கலத்தை வைத்து ஒரு குமிழியும் வராத அளவுக்கு எடுத்து முடித்த பிறகு வந்தவை என்பதைக் குறிப்பிட வேண்டும். கிளட்ச் கடிக்கும் (அதாவது பிடிக்கத் தொடங்கும்) பெடல் உயரம் கண்கூடாக மேலேறியது.

இதைப் பயன்படுத்துவதில் சில நியதிகள் உண்டு. முதலில் பழைய ஆயிலை மேலிருந்து கீழாக வெளியேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்லேவின் அடியில் படிந்திருக்கும் கறுப்பு வண்டல் நேராக மாஸ்டரின் நுண்துளைக்குப் போய்ச் சேரும். கலத்திலுள்ள ஆயிலைப் பாதிக்குக் கீழே உறிஞ்சி எடுத்துவைக்க வேண்டும்; இல்லையென்றால் வழிந்துவிடும். விசையை மெதுவாக அழுத்த வேண்டும். பம்ப்பின் குழாயில் காற்றே இல்லாமல் ஆயில் நிரம்பிய பிறகுதான் அதை நிப்பிளில் செருக வேண்டும். எஞ்சின் ஆயில் அடைத்திருந்த பழைய ஆயில்கேனை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடவே கூடாது என்பதுதான்: கனிம எண்ணெயின் சில துளிகள் கலந்தாலும் சீல்களின் ரப்பர் ஊதிப் பருத்து, இரண்டு சிலிண்டர்களும் வீணாகிவிடும்.

ஸ்லேவை கியர்பாக்ஸிலிருந்து கழற்றி, ஹோஸ் சேரும் வாய் உச்சியில் வரும்படி சாய்த்துப் பிடித்து, பிஸ்டனை முழுவதும் உள்ளே தள்ளி ஒரு சி-கிளாம்ப்பால் இறுக்கிவைத்துக்கொண்டு இந்தப் பம்ப்பைப் பயன்படுத்தினால் பயன் இன்னும் அதிகம். பிஸ்டன் உள்ளே ஒடுங்கும்போது காற்று தங்குவதற்கான இடமே பெருமளவு குறைந்துவிடுகிறது. கிளாம்ப் இல்லாமல் யாரும் பெடலைத் தொட்டுவிடக் கூடாது. ஸ்லேவ் கழற்றியிருக்கையில் ஒருமுறை மிதித்தாலும் பிஸ்டன் வெளியே தெறித்துவிழும்.

தடுப்பு வால்வு கொண்ட நிப்பிள்களையும் வாங்கிப் பொருத்தினேன். பெடல் மேலெழும்போது காற்று பின்வாங்காமல் அவை காக்கின்றன. தனியாக வேலை செய்பவருக்கு மலிவான உதவி. மரையில் பூசப்பட்டுள்ள அடைப்புப் பசை சில முறை திறந்து மூடியதும் தேய்ந்துபோகிறது. இவற்றைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் இல்லை.

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கீழிருந்து செலுத்தும் முறை பெரும்பாலான காற்றை எடுத்துவிட்டது. குளிர்ந்த நிலையில் ரிவர்ஸ் கியர் உரசாமல் விழுந்தது. பொதுவாக ரிவர்ஸ் கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ இராது என்பதால், கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்பதற்கு அதுவே நல்ல சோதனை: எஞ்சின் நிதானமாக ஓடுகையில் பெடலை மிதித்து, மூன்று வினாடி பொறுத்து, ரிவர்ஸில் போட்டால் உரசல் கேட்கக் கூடாது. ஆனால் எஞ்சின் அறை நன்றாகச் சூடான பிறகு மீண்டும் பெடல் மென்மையாகியது, உரசலும் திரும்பியது. இந்த இடத்தில் மீண்டும் மீண்டும் காற்று எடுத்துக்கொண்டிருப்பதும், மாஸ்டரை மறுபடி மாற்றுவதும், கியர்பாக்ஸையே இறக்குவதும் வழக்கமாக நடப்பவை. இவை எதையும் செய்வதற்கு முன் செய்ய வேண்டியது, அமைப்பைத் துண்டு துண்டாக அடைத்துப் பார்ப்பதாகும்.

ஜப்பானியக் கார்களின் இத்தகைய குழாய் இணைப்புகள் பொதுவாக 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.0 மில்லிமீட்டர் பிட்ச்சும் (புரிகளுக்கு இடையிலான தொலைவு) கொண்ட மரையுடையவை. அதே அளவில், முனை கூம்பாகச் சீவிய பித்தளை அடைப்பான்கள் பிரேக் குழாய் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் அடைப்பானைத் திருகி இறுக்கி, பெடலை மிதமாக மிதிக்க வேண்டும். ஆயில் போக வழியே இல்லாததால் பெடல் கல்போல் நிற்க வேண்டும். மென்மையாக இருந்தால் காற்று மாஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றி மேசைமீது வைத்துக் காற்று எடுத்த பிறகே பொருத்த வேண்டும். முதலில் கடினமாக நின்று, காலை எடுக்காமல் வைத்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் உட்புற சீல் ஆயிலைப் பின்பக்கம் விடுகிறது. வெளியே ஒரு துளி கசிவுகூடத் தெரியாமல் இது நடக்கும். இரண்டுமில்லாமல் உறுதியாக நின்றால் மாஸ்டர் நலமாக இருக்கிறது என்று ஐயமின்றிச் சொல்லலாம். என் காரில் அது உறுதியாக நின்றது.

அடுத்து இரும்புக் குழாயை மாஸ்டரில் மீண்டும் பொருத்தி, அது ரப்பர் ஹோஸோடு சேரும் முனையில் ஓர் இணைப்பானை வைத்து அதில் அடைப்பானைத் திருகி, குழாயிலுள்ள காற்றை எடுத்துவிட்டு, மறுபடி பெடலை மிதித்தேன். அப்போதும் பெடல் அசையவில்லை. மூன்றாவதாக ஹோஸையும் ஸ்லேவையும் சேர்த்து, ஸ்லேவின் பிஸ்டன் நகராதபடி கிளாம்ப்பால் இறுக்கி, காற்றைக் கீழிருந்து மேலாக எடுத்து, மென்மையாக மிதிக்கச் செய்தேன். இப்போது பெடல் இறங்கியது. ஹோஸைச் சுற்றி விரல்களை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு மிதிக்கும் அது பருத்துச் சுருங்குவதை உணர முடிந்தது. காரோடு வந்த அந்தப் பழைய ரப்பர் ஹோஸ், உள்ளே நெய்த இழைகள் தளர்ந்து, பெடலிலிருந்து வரும் ஆயிலில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொண்டிருந்தது. சூடாக ஆக ரப்பர் மேலும் இளகியதால் குறையும் சூட்டோடு கூடியது. அங்கே காற்றே இல்லை. எந்தக் காற்று எடுக்கும் கருவியாலும் அதைச் சரிசெய்திருக்க முடியாது. பெட்டியளவு கருவிகள் சொல்லாததை ஒரு விரல்நுனி அளவுப் பித்தளைத் துண்டு சொல்லிவிட்டது என்பதால்தான் அதற்கு முதலிடம் தருகிறேன்.

அடைப்பான் சோதனையோடு சேர்த்துச் செய்யத்தக்க சில எளிய பரிசோதனைகளும் உண்டு. இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஸ்லேவின் முனையிலுள்ள ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. நிப்பிளைத் திறந்துவைத்தால், யாரும் எதையும் அழுத்தாமலே ஆயில் மெல்லச் சொட்ட வேண்டும். சொட்டவே இல்லையென்றால், மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் கலத்திலிருந்து வரும் துளையை மறைத்துக்கொண்டிருக்கலாம். பெடலுக்கும் மாஸ்டருக்கும் இடையிலுள்ள கம்பியை வெகுவாக நீட்டித் திருகியிருந்தால் இப்படி ஆகும். பெடலின் உச்சியில் சிறிதளவு வெற்று அசைவு இருக்கும்படி அதைச் சுருக்கினால் அடைபட்ட ஆயில் தானாக ஓடத் தொடங்கும். மாஸ்டர் மாற்றிய கார்களில் இந்தக் குறையை முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறுதியாக, பெடலை மிதிக்கும்போது ஸ்லேவின் கம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். முன்னர் சொன்ன கணக்கின்படி எதிர்பார்க்கும் நகர்வு முழுதாகக் கிடைத்தும் கியர் உரசினால், பழுது ஆயிலில் இல்லை. வளைந்த ஃபோர்க், இறுகிப்போன பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது), தண்டின் பற்களில் சிக்கிக்கொள்ளும் டிஸ்க் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். கியர்பாக்ஸை இறக்குவது அப்போதுதான் நியாயமாகும்.

ரப்பர் ஹோஸுக்கு மாற்றாக நான் தேர்ந்தெடுத்தது, மாஸ்டரிலிருந்து ஸ்லேவ்வரை ஒரே துண்டாகச் செல்லும் எஃகுப் பின்னல் ஹோஸ். உள்ளே டெஃப்லான் குழாயும் மேலே துருப்பிடிக்காத எஃகு இழைப் பின்னலும் கொண்டது. ஒரே நேரத்தில் இரண்டு நன்மைகள் இதில் உண்டு: அழுத்தத்தில் பருப்பதில்லை, பழைய இரும்புக் குழாயின் வளைவு நீங்கிவிடுவதால் காற்று தங்கும் மேடும் இல்லாமல் போகிறது. பொருத்திய பிறகு கீழிருந்து மேலாக ஒருமுறை ஆயில் செலுத்தியதிலேயே பெடல் உறுதியாகிவிட்டது, சூட்டிலும் மாறவில்லை. கிளட்ச் கடிக்கும் இடம் தரையிலிருந்து நன்றாக மேலே வந்து, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நிற்கிறது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாவதைப் பார்த்தவர்களுக்கு இது மற்றொரு நிம்மதி.

குறைகளையும் சொல்ல வேண்டும். எஃகுப் பின்னல் தான் உரசும் எதையும் அரம்போல் அறுத்துவிடும். வயரிங் கட்டுகளுக்கும் பெயிண்டுக்கும் அருகே செல்லும் இடங்களில் பிளாஸ்டிக் உறை இருந்தாக வேண்டும். நான் வாங்கியதில் அந்த உறை முழுநீளமும் வந்தது. உறையில்லாத வகையை வாங்குபவர்கள் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சினின் அசைவுக்கு இடம்கொடுக்கும்படி கீழ்ப்பகுதியில் தளர்வு விட்டு, மற்ற இடங்களில் கவ்விகளால் நிறுத்த வேண்டும்; அதற்கான கவ்விகள் பெட்டியில் இல்லை. எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலகி நிற்கிறதா என்பதை வண்டியை நன்கு ஓட்டிய பிறகு இன்னொருமுறை பார்ப்பது நல்லது.

ஆயிலைப் பொறுத்தவரை நான் விலையுயர்ந்ததைத் தேடவில்லை. மாஸ்டா குறிப்பிடுவது டாட் 3 எனும் பிரேக் ஆயில் வகை. அதன் கொதிநிலைத் தகுதி புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4 வகைக்கு இவை 230, 155. இரண்டும் கிளைக்கால் சார்ந்தவை, ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றலாம். நான் டாட் 4 ஊற்றியிருக்கிறேன். சிலிகான் சார்ந்த டாட் 5 மட்டும் இதில் சேரக் கூடாது. பெயரில் ‘.1’ மட்டுமே வேறுபடும் டாட் 5.1 கிளைக்கால் வகையைச் சேர்ந்தது என்பதால் கடையில் புட்டியின் மேலுறையைக் கவனமாகப் படிக்க வேண்டும். திறந்துவைத்த பழைய புட்டியிலிருந்து ஊற்றக் கூடாது, காற்றிலுள்ள ஈரத்தை அது ஏற்கெனவே உறிஞ்சியிருக்கும்.

வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எம்எக்ஸ்-5 காரில் ஸ்லேவ் வெளியே இருப்பதால் கை எட்டுகிறது. 1997 முதல் 2004 வரையிலான கார்வெட் சி5 போன்ற கார்களில் ஸ்லேவ், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்ளே, தண்டைச் சுற்றி வளையமாக அமர்ந்திருக்கிறது. அதன் நிப்பிளை எட்டுவதே பெரும்பாடு. அதற்காக நிப்பிளிலிருந்து ஒரு நீண்ட பின்னல் ஹோஸை எஞ்சின் அறைவரை இழுத்து, கைக்கு வசதியான இடத்தில் திறந்து மூடும்படி அமைக்கும் பாகங்கள் விற்கப்படுகின்றன. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை எப்படியும் இறக்கும்போது அதைப் பொருத்திவிடாமல் மூடுவது பிற்காலத்துக்குப் பெரும் சுமையை விட்டுவைப்பதாகும். அடைப்பான் சோதனையும் அத்தகைய கார்களில்தான் மேலும் மதிப்புப் பெறுகிறது: மாஸ்டரிலும் குழாயிலும் குறையில்லை என்று மேலிருந்தே உறுதிசெய்த பிறகுதான் உள்ளேயிருக்கும் ஸ்லேவைத் தேடி இவ்வளவு பெரிய வேலையில் இறங்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் பித்தளை அடைப்பானும் அதற்கேற்ற இணைப்பானும், கூடவே நட்டின் மூலைகளைச் சிதைக்காமல் நாற்புறமும் பிடிக்கும் குழாய் ஸ்பேனர், ஏனெனில் பழைய 10 மில்லிமீட்டர் நட்டுகள் சாதாரண ஸ்பேனருக்கு எளிதில் வட்டமாகிவிடும். பிறகு கீழிருந்து செலுத்தும் பம்ப். பிரேக்கையும் தாமே பராமரிப்பவர்கள் மட்டும் அழுத்தக் கலத்தையும், தங்கள் கிளட்ச் கலத்துக்குச் சரியாகப் பொருந்தும் தனி மூடியையும் சேர்த்து வாங்கலாம்.